மகாராணி வாய் திறக்காத ஆறு மாதம்

எனக்கு மேல்வீட்டில் இருப்பவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் கம்பெனியில் அவருக்குப் ‘பம்பரம்’ என்று பெயர். யார் வைத்தார்களோ, ஆளைச் சரியாகப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே சாப்பிடுவார். என் வீட்டில் ஒழுகிய குழாயைப் பார்க்க வந்தவர், குழாயை முடித்த கையோடு கதவின் கீல், ஆடுகிற நாற்காலி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த சுவர்க்கடிகாரம் என்று எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டிவிட்டுத்தான் போனார். கடிகாரம் அன்றிலிருந்து நாளுக்கு நான்கு நிமிடம் முந்துகிறது. நான் முப்பத்தொரு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். பெஞ்சில் உட்கார முடியாத பிள்ளையை முதல் நாளே கண்டுபிடித்துவிடுவேன். இவருக்கு வயது ஐம்பத்திரண்டு, அவ்வளவுதான் வித்தியாசம்.

மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். சீட்டை இரண்டு தடவை படிக்காமல் ஒரு மாத்திரையை எடுக்கமாட்டாள். “எங்க வீட்ல ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு ஆளாவது உக்காரணுமில்ல டீச்சர், அதான் நான் உக்காந்திருக்கேன்” என்பாள். ஒரே மகள் வேறு ஊரில் வேலையில் இருக்கிறாள்.

அவர் இப்படி ஆனதற்குத் தொழிலும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும். எங்கேயாவது லிஃப்ட் நின்றுபோனால்தான் அவருடைய போன் அடிக்கும். இருபத்தெட்டு வருடமாக நின்றுபோனதை ஓட வைத்தே பழகியவருக்கு, அசையாமல் கிடக்கிற எதைப் பார்த்தாலும் அது பழுது. அப்படிப்பட்டவரிடம்தான் ஒரு பந்து மலைப்பாம்பு வந்து சேர்ந்தது. உலகத்தில் அதைவிட அசையாத பிராணி கிடையாது.

ஐந்து வருடத்துக்கு முன்னால், ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறைக்குள் போனவர், மோட்டாரை ஒட்டிச் சுருட்டி வைத்திருந்த கேபிளை நகர்த்தக் கையை வைத்தார். கேபிள் மூச்சு விட்டது. பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத்திட்டாக, முன்கை தடிமனில் ஒரு பாம்பு. பயத்தில் தலையை உள்ளே இழுத்துப் பந்து மாதிரி உருண்டுகொண்டது. ஒன்பதாவது மாடியில் குடியிருந்த ஒரு வங்கி ஊழியர் வளர்த்ததாம். அவர் வீடு மாறிப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. போன் போட்டதற்கு, “அட, உயிரோட இருக்கா? இப்ப இருக்கிற வீட்ல பிராணி வளக்க விடமாட்டாங்க. நீங்களே வச்சுக்கோங்க சார்” என்று சொல்லிவிட்டார்.

அன்று அவர் ஸ்பேனர் பையோடு வீட்டுக்குள் நுழைந்ததைப் பற்றி மனைவி எத்தனையோ தடவை என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

“பையில என்னங்க?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாதது ஏன் நெளியுது?”

பெரிய சண்டை நடந்தது. கடைசியில் மகளின் காலி அறையை ஒதுக்கினார்கள். அறை எப்போதும் பூட்டியிருக்க வேண்டும், உறைந்த எலிகளுக்குத் தனிக் குளிர்பெட்டி வேண்டும், தன்னுடைய தலைமுடி உலர்த்தியை யாரும் தொடக்கூடாது என்பதெல்லாம் மனைவி போட்ட ஒப்பந்தம். கடைசி நிபந்தனை முதல் வாரத்திலேயே உடைந்தது. எலியை வெந்நீரில் போட்டுச் சூடேற்றி, ஈரம் போக உலர்த்தி, உயிருள்ளது மாதிரி கதகதப்பாக நீட்டினால்தான் பாம்பு திரும்பிப் பார்க்கும். மனைவி தனக்கு வேறு உலர்த்தி வாங்கிக்கொண்டாள்.

கால்நடை மருத்துவரம்மா பார்த்துவிட்டு, பெண் பாம்பு, நாலு வயசு இருக்கும் என்றார். மகாராணி என்று பெயர் வைத்தவள் மனைவிதான். “சாப்பாட்டைக் கொண்டுபோய்க் காலடியில வச்சுட்டு, திரும்பிப் பாக்க மாட்டாளான்னு நிக்கிறாரே, வேற என்ன பேரு வைக்கிறது? கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு வாய் தண்ணி கொடுத்திருப்பாரா?”

முதல் குளிர்காலத்தில் மகாராணி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். பந்து மலைப்பாம்புகள் சில மாதம் வாயைக் கட்டுவது சாதாரணம். அது இவருக்குத் தெரியாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் எலியை நீட்டினார். வெள்ளை எலி, சாம்பல் எலி, பெரியது, சின்னது. வெளியே எடுத்து எடை பார்த்தார், பெட்டியை மாற்றினார், விளக்கை மாற்றினார். அவர் தொடத் தொட அவள் தலையை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டாள். நான்காவது மாதம் மருத்துவரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்.

“எடை எவ்வளவு குறைஞ்சிருக்கு?”

“முப்பத்தஞ்சு கிராம் டாக்டர்.”

“நாலு மாசத்துலயா? நீங்க எவ்வளவு குறைஞ்சிருக்கீங்க?”

“நாலு கிலோ.”

“அப்ப சிகிச்சை உங்களுக்குத்தான். அவளை விடுங்க. பசிச்சா கேப்பா.”

கோடை வந்ததும் அவளே கேட்டாள். இவர் பெருமூச்சு விட்டு அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் அந்தச் சமயம் பார்த்து அவருக்கு ஒரு சலூன்காரர் பழக்கமானார். முன்னால் கத்தரி, பின்கட்டில் பன்னிரண்டு மலைப்பாம்புகள். முடிவெட்டிக்கொண்டே பேச்சுக் கொடுத்தவர், “அண்ணே, பொண்ணு உங்ககிட்ட இருக்கு, பையன் என்கிட்ட இருக்கான். நாம சம்பந்தி ஆயிடலாமே?” என்றார். பம்பரத்துக்குச் சாட்டை கிடைத்த மாதிரி ஆயிற்று.

முட்டை வைக்க உடம்பில் தெம்பு வேண்டும் என்று யாரோ சொல்ல, ஐந்து நாளுக்கு ஒரு பெரிய எலி என்று ஊட்டத் தொடங்கினார். மகாராணியும் மறுக்கவில்லை. இரண்டாயிரத்து அறுநூறு கிராமைத் தாண்டினாள். வளைந்தால் வயிற்றோரம் மடிப்பு விழுந்தது. ஆண் பாம்பைக் கொண்டுவந்து மூன்று நாள் விட்டு வைத்தார்கள். இரண்டும் ஆளுக்கொரு மூலையில் கிடந்தன. பிறகு எப்படியோ சேர்ந்து, கடைசியில் மஞ்சள் பாரித்துச் சுருங்கிய இரண்டே கூமுட்டைகள் வந்தன. மருத்துவரம்மா அவளைத் தூக்கிப் பார்த்துவிட்டு இவரிடம் திரும்பினார்.

“இது தெம்பு இல்லங்க, கொழுப்பு. உங்க கை சும்மா இருக்கலைங்கிறதுக்காக இவ சாப்பிட்டுக்கிட்டே இருக்கணுமா?”

அந்த வார்த்தை அவரைச் சுட்டது. மறுநாள் என்னிடம் வந்து ஒரு கோடு போட்ட நோட்டு கேட்டார். பத்து நாளுக்கு ஒரு எலி. அவள் உடம்பின் பருத்த இடத்தைவிடத் தடித்ததாக இருக்கக்கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவைதான் எடை. மறுத்தால் எடுத்துவிட்டு அடுத்த முறை வரை அறைப் பக்கம் போகக்கூடாது. இதையெல்லாம் முதல் பக்கத்தில் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு வருடம் அதைக் காப்பாற்றினார் என்றால் அவரை அறிந்தவர்கள் நம்பமாட்டார்கள். பத்து நாளுக்கு நடுவில் இருந்த ஒன்பது நாளும் எனக்குத்தான் சோதனை. மேலே அவர் நடக்கிற சத்தம் என் தலைக்குள்ளேயே கேட்கும்.

மகாராணி இரண்டாயிரத்து ஐம்பதுக்கு இறங்கி, உருண்டு திரண்டு அழகாக வந்தாள். இந்தத் தடவை ஆண் பாம்பு வந்த அன்றே சேர்ந்தார்கள். ஒரு நாள் எலியை நீட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுதான் தொடக்கம். வாரங்கள் போகப் போக உடம்பின் நடுப்பகுதி எதையோ விழுங்கினது போல் உப்பியது. குளிர்ச்சியான மூலையைத் தேடி, தண்ணீர்க் கிண்ணத்தைக் கட்டிப்பிடித்துக் கிடந்தாள். பிறகு சட்டை உரித்தாள். சட்டை உரித்து ஒரு மாதத்தில் முட்டை வரும் என்றார் சலூன்காரர்.

முட்டைகளை எடுத்து வைக்க, தெர்மோகோல் பெட்டிக்குள் சூடேற்றும் கம்பி ஓட்டி, இவரே ஒரு இன்குபேட்டர் செய்து வைத்திருந்தார். முப்பத்தொன்றரை டிகிரி. ஒரு மாதமாகப் பிசகாமல் ஓடியது. அது பிசகாமல் ஓடியதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு சாயங்காலம் அரை டிகிரி தப்பாகக் காட்டுகிறதோ என்று சந்தேகம் வந்து, வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியைத் திறந்தார். உள்ளே ஒரு சின்னக் கம்பி ஒடிந்தது. புதிது வர நாலு நாள் ஆகும் என்றார்கள்.

அடுத்த நாள் காலை பதினொரு மணிக்கு மனைவி மாடிப்படியிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். அன்று அவளுக்கு விடுமுறை. “டீச்சர், கொஞ்சம் மேல வாங்களேன். தனியாப் பாக்க என்னவோ போல இருக்கு.”

நான் அந்த அறைக்குள் போனது அதுதான் முதல் தடவை. கண்ணாடி முகப்பு வைத்த நீளப் பெட்டிக்குள் மகாராணி கூம்பு மாதிரி சுற்றிப் படுத்திருந்தாள். சுற்றுகளின் இடுக்கில் வெள்ளை வெளேரென்று முட்டைகள் தெரிந்தன. கோழிமுட்டையைவிடப் பெரியவை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. தாடை மேல் முட்டையில் பட்டும் படாமலும் இருந்தது. எங்களை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. பாம்பென்றால் முகம் சுளிக்கிறவள் நான். ஆனால் அந்தப் படுக்கையில் பெற்றவளின் களைப்பு இருந்தது, அது எனக்குத் தெரியும்.

மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

“என்னங்க, போட்டுட்டா.”

“யாரு? என்னத்த? முட்டையா? எத்தனை?”

“கட்டிப் பிடிச்சிருக்கா, எண்ண முடியல. ஆறோ ஏழோ.”

“நான் உடனே வர்றேன். இல்ல, வர முடியாது. எட்டாவது மாடிக்கும் ஒம்பதாவது மாடிக்கும் நடுவுல மூணு பேரு நிக்கிறாங்க. நீ பதறாதே! முட்டையத் திருப்பிடாதே! எடுத்து இன்குபேட்டர்ல…” பேச்சு அறுந்தது. பின்னணியில் யாரோ ஒருவர், “அண்ணே, மூச்சு முட்டுதுண்ணே!” என்று கத்தினார்.

“இன்குபேட்டர் சாப்பாட்டு மேசையில நாலு துண்டா கிடக்கு,” என்றாள் மனைவி. குரலில் கோபம்கூட இல்லை. “நீங்க அந்த மூணு பேரை முதல்ல இறக்குங்க. இங்க நான் பாத்துக்கிறேன்.”

அவள் மருத்துவரம்மாவைக் கூப்பிட்டாள். பதில் சுருக்கமாக வந்தது. பெட்டி கதகதப்பாக இருக்கட்டும், ஈரப்பதம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முட்டையைத் தாயிடமே விடுங்கள். காட்டில் அவளுக்கு யார் இன்குபேட்டர் வாங்கிக் கொடுத்தார்கள்?

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. முட்டையை எடுத்துவிட்டால் தாய் ஓரிரு வாரத்தில் சாப்பிட ஆரம்பித்துவிடும். அவளிடமே விட்டால் குஞ்சு வரும்வரை, ஏறக்குறைய இரண்டு மாதம், பெரும்பாலும் வாயைத் திறக்காது. மகாராணி கடைசியாகச் சாப்பிட்டு அன்றோடு தொண்ணூற்றிரண்டு நாள்.

நாலாம் நாள் புதிய கருவி வந்தது. பூட்டிப் பார்த்தார். முதல் நாள் முப்பத்து மூன்று காட்டியது, மறுநாள் முப்பது. கழற்றினார், பூட்டினார், திட்டினார். மனைவி மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“இது ஒரு லிஃப்டா இருந்தா, ஓடலாம்னு நீங்க கையெழுத்துப் போடுவீங்களா?”

கையிலிருந்த ஸ்பேனரை மேசைமேல் வைத்துவிட்டு, “மாட்டேன்” என்றார்.

ஆக, முட்டைகள் மகாராணியிடமே இருந்தன. இவருக்குச் செய்ய வேலை எதுவும் இல்லை. அதைவிடப் பெரிய தண்டனை அவருக்கு யாரும் கொடுத்திருக்க முடியாது.

எடை ஆயிரத்து இருநூறுக்குக் கீழே போனால் கொண்டு வாருங்கள் என்று மருத்துவரம்மா சொல்லியிருந்தார். அடைகாக்கிறவளை எடுத்துத் தராசில் வைக்க முடியாது. நம்ம ஆள் விடுவாரா? பழைய லிஃப்டில் ஆள் அதிகமானால் மணி அடிக்குமே, அந்த எடை உணர்கருவி ஒன்று கம்பெனியில் கழிவாகக் கிடந்தது. சொல்லிவிட்டு எடுத்து வந்து, பெட்டியின் நான்கு கால்களுக்கும் கீழே ஒரு தட்டு அமைத்துப் பொருத்தினார். கூடத்துச் சுவரில் சிவப்பு எண்கள் ஒளிர்ந்தன. பெட்டி, தண்ணீர், முட்டை, பாம்பு எல்லாம் சேர்ந்த எடை. அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார், பல் துலக்கினார்.

மூன்றாம் நாள் காலை என் கதவைத் தட்டினார். முகம் வெளிறியிருந்தது.

“டீச்சர், நேத்திலருந்து நாப்பது கிராம் காணோம். இந்தக் கணக்குல போனா பத்து நாளுகூடத் தாங்கமாட்டா.”

நான் மேலே போய்ப் பார்த்தேன். தண்ணீர்க் கிண்ணத்தில் பாதிதான் தண்ணீர் இருந்தது.

“தண்ணி ஆவியாப் போறதை எந்தக் கணக்குல எழுதுனீங்க?” என்று கேட்டேன். முப்பத்தொரு வருடப் பழக்கம், குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அன்று போனில் மகளும் விடவில்லை. “அப்பா, பாம்போட எடை கிராம் சுத்தமா சொல்றீங்க. அம்மாவோட எடை எவ்வளவுன்னு சொல்லுங்க பாப்போம்?” மனைவி சிவப்பு எண் பெட்டியின் ஒயரைப் பிடுங்கி அலமாரியில் வைத்தாள்.

நாட்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. அவர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தார். கட்டடத்தின் தபால் பெட்டிகளுக்கெல்லாம் எண்ணெய் போட்டார். மாடிப்படிக் கைப்பிடியை இறுக்கினார். விடுமுறை நாளில் வேலைக்குப் போய், அன்று வேலைக்கு வரவேண்டியவரைத் திருப்பி அனுப்பினார். ஒரு நாள், சில பாம்புகள் அடைகாக்கும்போதும் சாப்பிடும் என்று சலூன்காரர் சொன்னாராம். சின்ன எலி ஒன்றைக் கதகதப்பாக்கி இடுக்கியில் நீட்டினார். அவள் நாக்கைக்கூட நீட்டவில்லை. பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டு வந்தார். காலையில் அது அப்படியே கிடந்து நாறியது.

நாற்பத்தோராம் நாள் மதியம் அவர் மட்டும் வீட்டில் இருந்தார். அவளைத் தொந்தரவு செய்யாமல் பார்க்க அறைக் கதவில் அவரே போட்டிருந்த துளை வழியாக எட்டிப் பார்த்தார். மகாராணி முட்டைகளை விட்டு விலகி, பெட்டியின் மறுகோடியில் நீட்டிக் கிடந்தாள். முதுகெலும்பு மேடாகத் தெரிந்தது. பட்டினியில் சாகப்போகிறாள் என்று அவர் மனதில் தோன்றிவிட்டது. தோன்றிய பிறகு அவர் கை கேட்குமா? ஓடிப்போய் எலியை எடுத்தார், ஊறவைக்கவும் பொறுமை இல்லை. பெட்டியைத் திறந்து, அவளை வெளியே எடுக்கக் கையை விட்டார்.

அவ்வளவு வருடத்தில் அவள் அவரைக் கடித்ததே இல்லை. அன்று கடித்தாள். மணிக்கட்டில் பிடித்து, விட்டுவிட்டாள், கண்ணிமைக்கிற நேரம்தான். வலியைவிட அதிர்ச்சியில் அவர் கையை உதறினார். முழங்கை முட்டைக் குவியலின் ஓரத்தில் இடித்தது. ஒரு முட்டை பிரிந்து, ஒருமுறை புரண்டு, பெட்டியின் சுவரில் முட்டி நின்றது.

பாம்பு முட்டைக்குள் கரு ஒரு பக்கமாக ஒட்டியிருக்கும், புரட்டினால் மூழ்கிவிடலாம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அவர்தான் மனைவியிடம் திருப்பாதே என்று போனில் கத்தியவர். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஊகித்து வைத்துவிட்டு, பெட்டியை மூடினார்.

மனைவி சாயங்காலம் வந்து காயத்தைக் கழுவினாள். பல்லின் தடம் சின்னச் சின்னப் புள்ளிகளாக, அரை வட்டத்தில் இருந்தது. மருத்துவரம்மா போனில், “தண்ணி குடிக்க இறங்கியிருப்பா. குடிச்சுட்டுப் போயிருப்பா. அவ்வளவுதான் விஷயம்” என்றார். உண்மைதான். அவள் அதற்குள் திரும்பிப் போய் முட்டைகளைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அவர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்று மனைவி என்னிடம் சொன்னபோதுதான் விஷயத்தின் கனம் எனக்குப் புரிந்தது. பிறகு எழுந்து, சாவிக்கொத்திலிருந்து அந்த அறைச் சாவியை மட்டும் கழற்றி அவளிடம் நீட்டினாராம்.

“இந்தா. நீயே வச்சுக்க. கடைக்குப் போறப்ப எடுத்துட்டுப் போயிடு.”

“துளை வழியாவும் பாக்க மாட்டீங்களா?”

“அதையும் அடைச்சுடு.”

அவள் ஒரு பிளாஸ்திரியை வெட்டித் துளையில் ஒட்டினாள்.

அடுத்த பதினெட்டு நாளும் தண்ணீரும் ஈரப்பதமும் அவள் பொறுப்பு. அவர் காலையில் நடக்கப் போவார், வந்து மறுபடி நடக்கப் போவார். ஒரு நாள் என் வீட்டுக்கு வந்து, கழற்றிப் பூட்ட எதுவும் கேட்காமல் நின்றார். “டீச்சர், அது செத்திருக்குமா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

ஐம்பத்தொன்பதாம் நாள், மனைவி வேலைக்குக் கிளம்புமுன் தண்ணீர் வைக்கப் போனவள், கதவை அகலத் திறந்து வைத்தாள். “வாங்க, இப்ப பாக்கலாம்.”

ஒரு முட்டை கிழிந்து, ஈரத்தோடு ஒரு மூக்கு நுனி வெளியே வந்திருந்தது. அவள் அன்று கடைக்குப் போகவில்லை. இரண்டு நாளில் ஐந்து குஞ்சுகள் வந்தன, ஒவ்வொன்றும் பென்சிலைவிடக் கொஞ்சம் தடிமன். ஒரு முட்டை முதலிலிருந்தே கூமுட்டை. இன்னொன்று அசையவில்லை. மருத்துவரம்மா வந்து அதைத் திறந்தார். உள்ளே பாதிக்கு மேல் வளர்ந்த குஞ்சு, செத்து வெகுநாள் ஆகியிருந்தது.

“நான் உருட்டினதாலயா டாக்டர்?”

“இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.”

“அதனாலதான்” என்றார் அவர். மருத்துவரம்மா மறுத்துப் பேசவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

மகாராணியைத் தூக்கியபோது கை லேசாக இருந்தது. ஆயிரத்து இருநூற்று ஐம்பத்தைந்து. வெதுவெதுப்பான தண்ணீரில் அவளைக் குளிப்பாட்டி, பெட்டியைத் தேய்த்துக் கழுவினார். முட்டை வாசம் மிச்சமிருந்தால் அவள் இன்னும் அடைகாப்பதாகவே நினைத்துச் சாப்பிடமாட்டாளாம். இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகு சின்ன எலி ஒன்றை நீட்டினார். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பழைய ஆளாக இருந்தால் மறுநாளே மறுபடி நீட்டியிருப்பார். அவர் கதவைப் பூட்டிச் சாவியை மனைவியிடம் கொடுத்தார். பத்து நாள். மறுபடி நீட்டினார், மறுபடி இல்லை. ஆயிரத்து இருநூற்று முப்பத்தொன்று. எல்லைக்கோட்டுக்கு முப்பத்தொரு கிராம்தான் இடைவெளி. அந்த நாட்களில் அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். பேச்சின் நடுவே நிறுத்திவிட்டு மேலே பார்ப்பார், யாராவது கூப்பிட்டால் திடுக்கிடுவார். சலூன்காரர் வாயைத் திறந்து குழாய் வழியாக ஊட்டலாம் என்றாராம். “அவ வாயை அவதான் திறக்கணும்” என்று இவர் சொன்னதாகச் சலூன்காரரே எனக்குச் சொன்னார்.

இன்னும் பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு சாயங்காலம், மனைவி சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இவர் இடுக்கியை நீட்டி முடிப்பதற்குள் டக்கென்று ஒரு சத்தம். எலி இடுக்கியில் இல்லை. மகாராணி மூன்று சுற்றாக அதை இறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் ஓசைப்படாமல் பின்னால் நகர்ந்து, கதவைச் சாத்தி, சமையலறை வாசலில் வந்து நின்றார். மனைவி நிமிர்ந்து பார்த்துவிட்டு, கத்தியைக் கீழே வைத்தாள்.

“சாப்பிட்டாளா?”

தலையை மட்டும் ஆட்டினார். அவள் அவரைப் பிடித்து மேசையருகே உட்கார வைத்து, தட்டில் சோறு போட்டாள். அன்று அவரும் உட்கார்ந்தே சாப்பிட்டார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் மூன்றாவது வாயில் எழுந்துவிட்டாராம்.

பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று அள்ளிப் போடக்கூடாது. வாரம் ஒன்று, சின்னதாக, பிறகு கொஞ்சம் பெரிதாக. மறுபடி அந்த நோட்டு. ஐந்து குஞ்சுகளில் மூன்று சலூன்காரரிடம் போயின, ஒன்றை மருத்துவரம்மா கேட்டு வாங்கிக்கொண்டார். ஒல்லியான ஒன்று மட்டும் இவரிடம் இருக்கிறது. மகள் விடுமுறைக்கு வந்தபோது தன் அறையில் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே பாயை விரித்துப் படுத்துவிட்டுப் போனாள்.

அடுத்த குளிர்காலத் தொடக்கத்தில் சலூன்காரர் ஒரு துணிப்பையோடு மாடியேறிப் போவதைப் பார்த்தேன். கால் மணி நேரத்தில் அதே பையோடு இறங்கி வந்தார். பை நெளிந்துகொண்டிருந்தது.

“என்ன, சம்பந்தம் முறிஞ்சிடுச்சா?” என்று கேட்டேன்.

“ஆயிரத்து எழுநூறு ஏறிட்டா டீச்சர், ஜம்முனு இருக்கா. இந்த வருஷம் வேண்டாங்கிறாரு. அடுத்த வருஷம்னு கேட்டா, அவகிட்ட கேட்டுச் சொல்றேங்கிறாரு. இவருக்கு என்னமோ ஆயிடுச்சு.”

சலூன்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். மேலே எனக்கு ஒரு பாத்திரம் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது, போனேன். அவர் பெட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், ஒரு காலில் நின்று, மறுகால் ஆடிக்கொண்டே. உள்ளே மகாராணி தலையை மட்டும் நீட்டி, கண்ணாடிக்கு அருகில் நாக்கை நீட்டி நீட்டி இழுத்தாள்.

“பசிக்குது போல இருக்கே. எப்ப சாப்பாடு?” என்றேன்.

“ஞாயித்துக்கிழமை டீச்சர்” என்றார். அன்று செவ்வாய்.